கோவா வேர் வீக்கத்துக்குச் செடிக்குள் வாழும் பங்கசு உதவுமா?

கோவாக்காரன், கந்தப்பளை

எல்லோருக்கும் வணக்கம். கந்தப்பளைக்கு மேலே முக்கால் ஏக்கரில் மரக்கறி செய்கிறேன். கோவா, லீக்ஸ், கரட், கொஞ்சம் உருளைக்கிழங்கு. அப்பா தோட்ட வேலையை விட்ட பிறகு அவரும் என்னோடுதான் நிற்கிறார்.

மூன்று போகமாகக் கீழ்ப் பாத்திகளில் கோவா தேறவே இல்லை. காலையில் நல்லா நிற்கும், பதினொரு மணி வெயில் பட்டவுடன் இலை எல்லாம் தொங்கிவிடும், பின்னேரம் பனி இறங்கினால் திரும்ப எழும்பும். தண்ணீர் பத்தவில்லை என்று நினைத்து முதல் போகத்தில் தண்ணீர் ஊற்றி ஊற்றியே ஓய்ந்துபோனேன். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் இருக்க வேண்டிய இடத்தில் இஞ்சிக் கிழங்கு மாதிரி விரல் விரலாக வீங்கி நிற்கிறது. இளசாக இருந்தால் உடைக்கும்போது உள்ளே வெள்ளை, பழசு என்றால் அழுகி, கிட்டப் போக முடியாத நாற்றம். கிளப் ரூட் என்று விவசாயப் போதனாசிரியர் சொன்னார்.

டவுனில் மருந்துக் கடையில் டிரைக்கோடெர்மா பக்கெட் ஒன்று கொடுத்தார்கள். ஊற்றினால் இரண்டு கிழமையில் வேர் சரியாகும் என்றார்கள். ஊற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. இப்போது இன்னொருவர் வந்து, அது மண்ணில் வாழும் பங்கசு, உங்களுக்குத் தேவை செடியின் உள்ளேயே வாழும் பங்கசு, அதை ஒருதடவை ஏற்றிவிட்டால் தடுப்பூசி மாதிரி, பிறகு மருந்தே அடிக்கத் தேவையில்லை என்கிறார். அவர் கையில் மைக்கோரைசா என்று, வேரோடு கூட்டாக வாழும் பங்கசாம், ஒரு தூளும் இருக்கிறது, விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

2021 இல் இரசாயனப் பசளையும் மருந்தும் நின்ற நேரம், உயிர்ப்பசளை என்ற பெயரில் போத்தல் போத்தலாக வாங்கிக் காசை விட்டவன் நான். இன்னொரு தடவை அந்த நிலைமைக்கு வர முடியாது. செடிக்குள் வாழும் பங்கசு என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா? கோவாவுக்குச் சரிவருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாற்றைத் தயோபனேட் மீதைல் என்ற பங்கசுநாசினிக் கரைசலில் நனைத்துத்தான் நடுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன், ஏதாவது சம்பந்தம் இருக்குமோ தெரியாது.


வேர்ப்பக்கம், பண்டாரவளை

தம்பி, நான் பேராதனையில் விவசாயம் படித்தவள், கடைசி வருட ஆய்வுக்கு இலைக்குள் வாழும் பங்கசுகளைத்தான் எடுத்துக்கொண்டேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வாழும் பங்கசு உண்மை. எண்டோபைட் என்று பெயர், 1866 இலேயே அன்டன் டி பாரி என்ற ஜெர்மன்காரர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். உங்கள் லீக்ஸிலும் இருக்கிறது, வாசலில் நிற்கும் கொய்யாவிலும் இருக்கிறது, பக்கத்து மலையில் கொழுந்து பறிக்கிறார்களே அந்தத் தேயிலையிலும் இருக்கிறது. செடிக்கு நோய் காட்டாமல் இலை, தண்டு, வேரின் திசுவுக்குள் குடியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

நான் முதல் தடவை பார்த்ததைச் சொல்கிறேன். முற்றிய தேயிலை இலை ஒன்றைக் கழுவி, 70 சதவீத அல்கஹோலில் ஒரு நிமிடம், வெளிற்றும் திரவத்தில் சில நிமிடம் போட்டு, கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று தடவை அலசினோம். இலையின் மேலே இருந்த எல்லாம் இதில் செத்துவிடும். பிறகு சின்னச் சதுரமாக வெட்டி, உருளைக்கிழங்குச் சாறும் சீனியும் ஏகாரும் சேர்த்த தட்டில் வைத்தோம். கடைசியாக அலசிய தண்ணீரில் ஒரு சொட்டு இன்னொரு தட்டில். அந்தத் தட்டில் எதுவும் முளைக்கக் கூடாது, முளைத்தால் கழுவியது போதவில்லை என்று அர்த்தம். ஐந்தாம் நாள் பார்க்கும்போது தண்ணீர்த் தட்டு சுத்தமாக இருந்தது. இலைத் துண்டின் வெட்டுப்பட்ட விளிம்பில் மட்டும் பஞ்சு இழை மாதிரி வெள்ளை நூல் வெளியே வந்துகொண்டிருந்தது, ஒரு மூலையில் வெள்ளை, இன்னொரு மூலையில் சாம்பல். பச்சைப் பசேல் என்று ஆரோக்கியமாக நின்ற இலை அது. அன்றைக்கு இருந்து எந்த இலையைப் பார்த்தாலும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுதான் யோசிக்கிறேன்.

இவை நோயை எப்படித் தடுக்கின்றன என்றால், சில இடத்தைப் பிடித்துக்கொண்டு நோய்ப் பங்கசுக்கு இடமும் சாப்பாடும் இல்லாமல் செய்யும். சில நோய்ப் பங்கசைச் சுற்றிப் பின்னி அதையே தின்னும். சில நஞ்சு சுரக்கும். எனக்கு மிக முக்கியமாகப் படுவது நான்காவது: உள்ளே ஆள் வந்திருப்பதைச் செடி உணர்ந்து தன் பாதுகாப்பை முன்கூட்டியே தயார் நிலையில் வைத்துக்கொள்ளும், நோய் வரும்போது சீக்கிரம் எதிர்க்கும். தடுப்பூசி மாதிரி என்று அவர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. பிறகு மருந்தே தேவையில்லை என்பதுதான் பொய்.

பனாமாவில் கொக்கோ மரத்தில் செய்து 2003 இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் படிப்பது. உள்ளே பங்கசு இல்லாத நாற்றுகளை எடுத்து, சில இலைகளுக்கு மட்டும் எண்டோபைட் பங்கசுகளை ஏற்றினார்கள். பிறகு பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமியைக் கொடுத்துப் பார்த்தால், ஏற்றிய இலைகளில் சேதம் குறைவு, அதே நாற்றில் ஏற்றாத இலைகள்தான் கூடுதலாகச் செத்தன. அதாவது காவல் இருந்த இடத்தில்தான் பாதுகாப்பு, செடி முழுவதற்கும் தானாகப் பரவவில்லை. நம் நாட்டுக் கறுவா மரத்துக்குள்ளும் ஒரு ஆள் இருந்தார். ஹொண்டுராஸில் வளர்ந்த இலங்கைக் கறுவாவின் கிளைக்குள் இருந்து மஸ்கோடோர் அல்பஸ் என்ற பங்கசைப் பிரித்தெடுத்தார்கள். அது விடும் ஆவியே பக்கத்தில் இருக்கும் மற்றப் பங்கசுகளையும் பக்டீரியாக்களையும் கொன்றுவிடும்.

இனி உங்கள் கோவா. கிளப் ரூட்டை உண்டாக்குவது பிளாஸ்மோடியோபோரா பிராசிக்கே, அது பங்கசே இல்லை. ஒரு காலத்தில் பங்கசுகளோடு சேர்த்துப் படித்தார்கள், இப்போது வேறு கூட்டத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் வித்தி மண்ணில் பத்துப் பதினைந்து வருடம்கூடக் கிடக்கும். கோவா வேர் பக்கத்தில் வந்தால் முளைத்து, மண் ஈரத்தில் நீந்திப் போய் வேர்த்தூவிக்குள் நுழையும். உள்ளே போன பிறகு அது செடியின் கலத்துக்குள்ளேயே இருக்கிறது, வீக்கம் செடியின் சொந்தத் திசு. அதனால் வீங்கிய வேரை எதை ஊற்றியும் சரியாக்க முடியாது. இரண்டு கிழமையில் சரியாகும் என்றவருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் விற்றிருக்கிறார்.

ஆனாலும் உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஒன்று இருக்கிறது. ஜப்பானில் ஹெட்டரோகோனியம் கீட்டோஸ்பைரா என்ற கருநிற வேர்ப் பங்கசைச் சீனக் கோவா நாற்றின் வேருக்குள் ஏற்றி, இதே கிளப் ரூட்டைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள், 1998 இல் வெளியான வேலை. பிறகு நிலைமைகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில், மண்ணில் நோய் வித்தி குறைவாக, ஈரமும் குறைவாக இருந்தபோது நன்றாக வேலை செய்தது, வித்தி மிகுந்த மண்ணிலும் ஈரம் கூடிய மண்ணிலும் எடுபடவில்லை. உங்கள் கீழ்ப் பாத்தி எப்படிப்பட்டது? மேலே இருந்து தண்ணீர் வந்து நிற்கிற இடமா? மூன்று போகம் தொடர்ந்து நோய் வந்த மண்ணில் வித்தி குறைவாக இருக்க வழியில்லை. அந்தப் பங்கசு உங்கள் கடையில் கிடைக்கப் போவதும் இல்லை.

மைக்கோரைசா தூளைக் கோவாவுக்கு வாங்கவே வேண்டாம். கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம், அந்தக் குடும்பம் மைக்கோரைசாவோடு சேர்வதில்லை. லீக்ஸ் அதற்கு நேர்மாறு, நல்லாச் சேரும். லீக்ஸுக்கு என்று விற்றிருந்தால் கேட்டுப் பார்த்திருக்கலாம், கோவாவுக்கு என்று விற்பவரிடம் எதுவும் வாங்காதீர்கள்.

டிரைக்கோடெர்மாவைக் குறை சொல்ல மாட்டேன். மண்ணில் வாழ்வதுதான், ஆனால் பல வகைகள் வேரின் வெளிப்புறக் கல அடுக்குகளுக்குள்ளும் நுழைந்து குடியிருக்கும், அந்த அளவில் அதுவும் உள்வாழிதான். அது மற்றப் பங்கசைத் தின்கிறது என்று 1932 இலேயே காட்டிவிட்டார்கள். நாற்றழுகலுக்கு நல்ல பலன் தரும். உங்களிடம் நடந்தது வேறு. நட்டு, நோய் பிடித்து, வீங்கிய பிறகு ஊற்றியிருக்கிறீர்கள். அதற்கும் மேலே நாற்றைத் தயோபனேட் மீதைலில் நனைத்திருக்கிறீர்கள். கிளப் ரூட்டை அந்த மருந்து எவ்வளவு தடுக்கும் என்பது வேறு பேச்சு, டிரைக்கோடெர்மா பங்கசு என்பதால் அதைக் கொன்றுவிடும். இன்னொன்று குளிர். டிரைக்கோடெர்மா நல்லா வளர்வது 25 இலிருந்து 30 பாகை வரை. நுவரெலியாப் பக்கம் வருடச் சராசரியே 16 பாகை அளவுதான். உங்கள் மண்ணில் அது மெதுவாகத்தான் நகரும். அதனால் பொலித்தீன் கூடாரத்துக்குள், நாற்றுமேடையிலேயே, விதை போடும் நாளில் கொடுங்கள். வேர் வெளியே வரும்போது அது அங்கே காத்திருக்க வேண்டும்.


வெலிமடை மாமா

மகன், அந்தப் பிள்ளை சொன்னதை எல்லாம் வாசித்தேன், சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான் நாற்பது வருடம் மண்ணில் நின்றவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மண்ணைச் சோதி. பி.எச். 7.2 அளவுக்கு வந்தால் அந்த வியாதி அடங்கும். நம் மலை மண் புளிப்பு, அதற்கு அதுதான் சொர்க்கம். புளிப்பைக் குறைக்கிற டொலமைட் சுண்ணாம்பு மெதுவாகத்தான் வேலை செய்யும், இன்றைக்குப் போட்டு நாளைக்கு நட்டால் பலன் இல்லை, இரண்டு மாதமாவது முன்னே போட்டுக் கொத்திக் கலந்துவிடு. ஆனால் சுண்ணாம்பு போட்ட பாத்தியில் அடுத்ததாக உருளைக்கிழங்கு போடாதே, தோலில் சொறி விழும், விலை போகாது. எனக்கு ஒரு தடவை அப்படி ஆகி, மூட்டை மூட்டையாகக் கழித்துவிட்டார்கள்.

பிடுங்கின வேரை என்ன செய்கிறாய்? எருக்குழியில் போட்டிருந்தால் நீயே விதைத்த மாதிரி. வெயிலில் காய வைத்து எரித்துவிடு. மண்வெட்டி, சப்பாத்து, கரட் கழுவுகிற பீலித் தண்ணீர், எல்லாத்திலும் அது வரும். மேல் பாத்தியில் வேலை முடித்துவிட்டுக் கீழே இறங்கு, கீழே நின்ற மண்வெட்டியோடு மேலே ஏறாதே. கோவா இல்லாத காலத்திலும் காட்டுக் கடுகு முளைத்து நின்றால் வியாதி அதில் உயிரோடு இருக்கும், அதையும் பிடுங்கு. கீழ்ப் பாத்தியில் ஐந்து வருடமாவது கோவாவை மறந்துவிட்டு லீக்ஸ், போஞ்சி, கரட் என்று மாற்றி மாற்றிப் போடு. கோவா விலை ஏறுகிற நேரம் கை துறுதுறுக்கும், அப்போதும் போடாதே.


கொழுந்து மலை, தலவாக்கலை

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். மழைக் காலம் முழுக்க பிளிஸ்டர், கொப்புள நோய். ஏழு பத்து நாளைக்கு ஒரு தடவை செப்பு மருந்து அடித்தே கை ஓய்கிறது. தேயிலை இலைக்குள்ளும் பங்கசு இருக்கிறது என்று அக்கா சொன்னதை வாசித்ததும் ஆசையாகிவிட்டது. அதை வளர்த்து மேலே தெளித்தால் பிளிஸ்டர் நிற்குமா?


வேர்ப்பக்கம், பண்டாரவளை

அண்ணா, இதே ஆசையில்தான் நானும் அந்த ஆய்வை எடுத்தேன்.

சிக்கல் எங்கே என்றால், கொப்புள நோய் பிடிப்பது துளிர் இலையைத்தான். முற்றிய இலையை அது தொடாது. உள்வாழிப் பங்கசு நிறைந்திருப்பதோ முற்றிய இலையில். கொக்கோவில் பார்த்ததும் அதுதான், இலை விரியும்போது உள்ளே கிட்டத்தட்ட வெறுமை, பிறகு மழையிலும் காற்றிலும் வரும் வித்திகள் ஒவ்வொன்றாக உள்ளே குடியேறுகின்றன. புல்லில் சில வகைகள் விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும், மரங்களின் இலையில் பெரும்பாலும் அப்படி இல்லை. நாம் என்ன செய்கிறோம்? கிழமைக்கு ஒரு தடவை துளிரைப் பறித்துவிடுகிறோம். காவல்காரன் வந்து சேர்வதற்குள் வீடே இல்லை. அடுத்த சுற்றில் வரும் துளிருக்கு மறுபடியும் முதலில் இருந்து ஏற்ற வேண்டும், அப்படியென்றால் செப்பு அடிப்பதற்கும் இதற்கும் வேலையில் வித்தியாசம் இல்லை. இது என் கணிப்பு, ஆனால் யோசித்துத்தான் சொல்கிறேன்.

பிளிஸ்டர் பங்கசு உயிருள்ள தேயிலை இலையில் மட்டும் வளர்வது, தட்டில் வளர்க்க முடியாது. அதனால் தட்டில் இரண்டையும் எதிரெதிரே வைத்து எது எதைத் தடுக்கிறது என்று பார்க்கும் சுலபமான சோதனையும் இதற்கு இல்லை, எல்லாம் செடியில்தான் செய்ய வேண்டும். நோய் இந்த நாட்டுக்கு வந்தது 1946 இல், இவ்வளவு காலமாகியும் செப்பைக் கைவிட முடியாமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட காரணங்கள் இருக்கின்றன.

இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பது நிழல். மழைக்கு முன்னே முள்முருங்கையையும் மற்ற நிழல் மரங்களையும் கவாத்துப் பண்ணி, இலை சீக்கிரம் காய விடுங்கள். இலையில் ஈரம் நிற்காவிட்டால் வித்தி முளைக்காது. நாள் பிந்தாமல் பறியுங்கள். செப்பு எந்த அளவில், எந்த இடைவெளியில் என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அவர்கள் சொல்வதை மீறாதீர்கள். வேர் நோய் என்றால் பேச்சு வேறு, அங்கே டிரைக்கோடெர்மா மாதிரி ஆட்களுக்கு வேலை இருக்கிறது. துளிரை நம்பி மட்டும் காசு போடாதீர்கள்.


கோவாக்காரன், கந்தப்பளை

அக்கா, மாமா, ரொம்ப நன்றி. அக்கா கேட்டது சரி, மேலே இருக்கிற நாலு பேருடைய தண்ணீரும் என் கீழ்ப் பாத்தியில்தான் வந்து நிற்கிறது. வேரை எருக்குழியில்தான் போட்டேன், மாமா. அதை வாசித்ததும் அப்பா எழும்பிப் போய்க் குழியைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த எருவை இனி கோவாப் பக்கம் கொண்டு போக மாட்டோம்.

இரண்டு சந்தேகம். மச்சான் ஒருவர் கோயம்புத்தூர் போகிறார், அங்கே நல்ல டிரைக்கோடெர்மா மலிவு என்கிறார், ஒரு ஹெக்டயருக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழு எருவில் கலந்து போடச் சொல்வார்களாம். கொண்டுவரச் சொல்லவா? மற்றது, சோற்றில் வளர்த்துப் பெருக்கலாம் என்று வீடியோ பார்த்தேன், வீட்டிலேயே செய்யலாமா?


காளான் வீடு, ஹட்டன்

தம்பி, சோற்றில் வளர்க்கும் கதைக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அடிபட்டவள் நான்.

சிப்பிக் காளான் செய்கிறேன், மரத்தூள் பைகள். போன வருடம் வீட்டுக்காரர் மரக்கறிப் பாத்திக்கு என்று டிரைக்கோடெர்மாவைச் சோற்றில் வளர்த்தார். அரை வேக்காட்டுச் சோறு, ஆற வைத்துப் பையில் போட்டு, பக்கெட் தூள் கொஞ்சம் கலந்து கட்டி வைத்தார். மூன்றாம் நாள் வெள்ளைப் பஞ்சு, ஐந்தாம் நாள் கரும்பச்சைத் தூள், பையைத் திறந்தால் தேங்காய் வாசம் மாதிரி ஒன்று. அழகாகத்தான் வந்தது. ஆனால் அதை வைத்தது என் காளான் கொட்டிலின் சுவரோரம். டிரைக்கோடெர்மா காளானையும் தின்னும், அதுவும் ஒரு பங்கசுதானே. பத்து நாளில் என் பைகளில் பச்சைப் பூஞ்சணம் புள்ளி புள்ளியாக ஏறி, அந்தச் சுற்றுப் பைகள் பாதிக்கு மேல் தூக்கி எறிந்தேன். கொட்டிலைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, திரும்பத் தொடங்க இரண்டு மாதம்.

இன்னொன்று, பச்சையாக வருவதெல்லாம் டிரைக்கோடெர்மா இல்லை. சோற்றில் அஸ்பர்ஜிலஸும் பச்சையாக வரும், அதில் அப்லடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும் வகை இருக்கிறது, ஈரலுக்குக் கூடாது. கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில், சமைக்கிற சட்டியில், தயவுசெய்து வேண்டாம்.


வேர்ப்பக்கம், பண்டாரவளை

அக்கா சொன்னதோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். திகதி பார்த்து, நிழலில் வைத்து விற்கும் கடையில் சின்னப் பக்கெட்டாக வாங்கினால் போதும். வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் ஆறு மாதம் கிடந்த பக்கெட்டில் உயிர் இருக்காது, வெறும் மாவுதான் இருக்கும். கிருமிநாசினிக்குப் பழகிய கடைகள் இதையும் அப்படியே வைக்கின்றன, அதுதான் பாதி இடங்களில் நடக்கிற பிழை.

மச்சானைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 1999 இன் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் உயிருள்ள நுண்ணங்கியைப் பயணப் பையில் போட்டு வருவது குற்றம். சட்டத்தைவிட எனக்குப் பயம் வேறு. ஒரு செடிக்குள் அமைதியாக இருக்கும் பங்கசு இன்னொரு செடியில் நோயாக மாறலாம். கொலட்டோடிரைக்கம் என்ற இனத்தில் கொக்கோவுக்குக் காவலாக நிற்பதும் இருக்கிறது, மிளகாய்ப் பழத்தை அழுக வைப்பதும் இருக்கிறது. நியூசிலாந்தில் ரைப் புல்லுக்குள் இருக்கும் எண்டோபைட் புல்லைப் பூச்சியிலிருந்து காப்பாற்றுகிறது, அதே புல்லைத் தின்ற ஆடுகள் தள்ளாடி விழுந்தன, அதன் பிறகுதான் ஆட்டுக்குத் தீங்கு செய்யாத வகைகளைத் தேடிப் பிடித்தார்கள். இந்த மலை நாட்டுக்கு 1869 இல் கோப்பித் துரு என்ற பங்கசு நோய் வந்து என்ன செய்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கத் தேவையில்லை, நாம் இன்றைக்குக் கோப்பித் தோட்டத்தில் இல்லாமல் தேயிலைத் தோட்டத்தில் இருப்பதே அதனால்தான். வெளியிலிருந்து வரும் ஒரு வித்தியை நான் லேசாக எடுக்க மாட்டேன்.

செய்து பாருங்கள், ஆனால் கீழ்ப் பாத்தியில் வேண்டாம். அங்கே மாமா சொன்னபடி லீக்ஸ். நடுப் பாத்தி ஒன்றை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் எதுவும் போடாமல், ஒன்றில் டொலமைட் மட்டும், ஒன்றில் டொலமைட்டோடு நாற்றுமேடையிலேயே டிரைக்கோடெர்மா கொடுத்த நாற்று. அந்த நாற்றைப் பங்கசுநாசினியில் நனைக்க வேண்டாம். கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கி வேரைப் பாருங்கள். பக்கத்தில் எதுவும் போடாத துண்டு இல்லாவிட்டால் எதனால் தேறியது என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.


கோவாக்காரன், கந்தப்பளை

அக்கா, எழுதி ஆறு மாதம் ஆகிவிட்டது, சொன்னபடி செய்தேன், அதனால் வந்து சொல்கிறேன்.

டொலமைட்டை இரண்டு மாதம் முன்னே போட்டுக் கொத்தினோம். நாற்று மேடையில் வித்தியாசம் முதலிலேயே தெரிந்தது. டிரைக்கோடெர்மா கலந்த எருவில் போட்ட நாற்றில் கழுத்து அழுகி விழுந்தது மிகக் குறைவு, மற்ற மேடையில் வழக்கம்போல ஒரு மூலையே காலி. நாற்றைப் பிடுங்கும்போது வேர் கையில் நல்ல அடர்த்தியாக, வெள்ளையாக வந்தது, அப்பா ஒன்றைக் கழுவி உள்ளங்கையில் பரப்பி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

அறுவடைக்குப் பிறகு மூன்று துண்டிலும் எல்லா வேரையும் பிடுங்கினோம். எதுவும் போடாத துண்டில் பாதிக்கு மேல் வீக்கம். டொலமைட் போட்ட இரண்டு துண்டிலும் வீக்கம் நல்லாக் குறைந்திருக்கிறது, இருந்ததும் பக்க வேரில் சின்ன முடிச்சுதான், பூ நல்லாக் கட்டியது. அந்த இரண்டுக்கும் இடையில் டிரைக்கோடெர்மாவால் வீக்கம் குறைந்தது என்று சொல்லுமளவுக்கு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அதனால் வேர் வீக்கத்துக்கு டொலமைட்டும் பயிர் மாற்றமும், நாற்றழுகலுக்கு டிரைக்கோடெர்மா என்று வைத்துக்கொண்டேன். நாற்று நனைக்கும் மருந்தை நிறுத்திவிட்டேன், அந்தக் காசில் பக்கெட் வாங்கலாம்.

மைக்கோரைசாக்காரர் திரும்ப வந்தார். இந்தத் தடவை லீக்ஸுக்கு ஒரு சின்னப் பக்கெட் மட்டும் கேட்டேன், திகதி பார்த்து. அதையும் இரண்டு பாத்தியில், ஒன்றில் போட்டு ஒன்றில் போடாமல் நட்டிருக்கிறேன். அறுத்ததும் எழுதுகிறேன்.


வெலிமடை மாமா

பிடுங்கின வேரை எரித்தாயா?


கோவாக்காரன், கந்தப்பளை

எரித்தேன் மாமா. அப்பா பக்கத்திலேயே நின்று, சாம்பலாகும் வரைக்கும்.